காலுறையிலிருந்து தொடங்குங்கள்

முதுமலையிலும் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை பனிக்காலத்தின் பின்பாதியில்தான் மும்முரமாகிறது. புல் காய்ந்து சருகு உதிர்ந்தபின், கோடைத் தீ வருவதற்குள், காட்டுக்குள் பட்டை பட்டையாக இடத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். உண்ணிச்செடிப் புதரை வேரோடு பிடுங்குவது, விறகு பொறுக்குவது, முந்திரித் தோப்பில் அடிச்சருகு கூட்டுவது என எல்லாமே அந்த மாதங்களில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு உண்ணி, இளம்பருவத்தில் இரை தேடி இலை நுனிக்கு வரும் காலமும் அதுதான். நவம்பர், டிசம்பரில் தொடங்கி மே வரை நீளும். ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். வேலையைத் தள்ளிப்போட வழியில்லை. காட்டிலுள்ள உண்ணியை ஒழிக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது, வேலைக்குப் போகிறவரின் உடலுக்கும் புல்லுக்கும் இடையில் உள்ள துணி மட்டும்.

இந்த அத்தியாயத்தைத் தொழிலாளிகளுக்காக எழுதவில்லை. அவர்களைக் காட்டுக்குள் அனுப்புகிற வனவர், எஸ்டேட் மேற்பார்வையாளர், முந்திரித் தோப்பு மேஸ்திரி, களைச்செடி அகற்றும் பணியை எடுத்து நடத்தும் தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்காகவே எழுதுகிறேன். பூச்சிமருந்து ஏற்றிய உடுப்பைத் தொழிலாளி தன் காசில் வாங்கி, தன் வீட்டில் துவைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் அதனால் பெரிய பலன் கிடைக்காது. அரிவாளையும் கையுறையையும் போல அதுவும் வேலை கொடுப்பவர் தந்து, பராமரித்து, தேய்ந்ததும் மாற்றிக் கொடுக்க வேண்டிய கருவி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எதற்காக இவ்வளவு பாடு

கர்நாடகத்தின் சிமோகா மாவட்டம், சோரப் வட்டத்தில் கியாசனூர் என்றொரு காடு. 1957-இல் அங்கே குரங்குகள் செத்து விழுந்தன. அதே பகுதியில் மனிதர்களும் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள். பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது. கியாசனூர் வனநோய் என்பது அதன் பெயர். ஊர்மக்கள் குரங்குக் காய்ச்சல் என்பார்கள். குரங்குகளும் நம்மைப் போலவே இந்த நோய்க்குப் பலியாகிறவைதாம். நோயைக் கடத்துவது உண்ணி, அதிலும் முக்கியமாக ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற இனத்தின் இளம் உண்ணி. கசகசா அளவே இருக்கும். கடிக்கும்போது வலிக்காது.

பல பத்தாண்டுகள் சிமோகாவையும் அதன் அண்டை மாவட்டங்களையும் தாண்டாமல் இருந்த நோய், பிறகு மலைத்தொடரின் இருபக்கமும் பரவியது. 2012 இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில், செத்த குரங்குகளைப் பாதுகாப்பு உடையின்றிக் கையாண்டு எரித்த வனப் பணியாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதே பருவத்தில் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்குகளிடமும் வைரஸ் இருந்தது. சில ஆண்டுகளில் வயநாட்டிலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் மனிதர்கள் நோயுற்றார்கள். கடைசி இரண்டு இடங்களிலும் முந்திரித் தோப்பில் வேலை செய்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களில் இருந்தார்கள். நோய் கண்ட நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. நெடுங்காலம் போடப்பட்டு வந்த தடுப்பூசியின் வீரியம் போதவில்லை என்று 2022-இல் அதுவும் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய தடுப்பூசிக்கான பணி நடக்கிறது. அது வரும்வரை கடிபடாமல் இருப்பதே காப்பு.

இங்கே ஒரு விஷயத்தை மேற்பார்வையாளர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் உண்ணியால் பரவும் லைம் நோய் பற்றிப் படித்தவர்கள், மாலையில் உடம்பைத் தடவிப் பார்த்து உண்ணியைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பார்கள். லைம் நோய்க் கிருமி நம் உடலுக்குள் வர, உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அங்கே அது நல்ல அறிவுரை. வைரஸ் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. கியாசனூர் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த பொவாசான் வைரஸ், எலிகளை வைத்து நடத்திய சோதனையில், உண்ணி ஒட்டிய பதினைந்து நிமிடத்துக்குள் உடலில் இறங்கியது. காலை எட்டு மணிக்கு ஏறிய உண்ணியை மாலை ஐந்து மணிக்குத் தேடுவது அவசியம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி ஆளை அனுப்பக்கூடாது. பல் பதியும் முன்பே உண்ணி உதிர வேண்டும். அதைச் செய்வது மருந்தேற்றிய துணி.

துணியில் இருக்கும் மருந்து என்ன செய்கிறது

பெர்மெத்ரின் என்பது செவ்வந்தி வகைப் பூ ஒன்றில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கிய சேர்மம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு 1973-இல் இதை அறிவித்தது. அதற்கு முன்பிருந்த இதே வகைப் பொருள்கள் வெயில் பட்டதும் சிதைந்துபோயின. இது தாங்கி நின்றது. உண்ணியின் நரம்பில் சோடியம் புகும் வாயில்கள் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். பெர்மெத்ரின் பட்டால் அவை திறந்தபடியே நின்றுவிடும். நரம்பு ஓயாமல் துடிக்கும், கால்கள் ஒத்துழைக்காது, பிடி நழுவி உண்ணி கீழே விழும். சற்று நேரம் கூடுதலாகத் துணிமேல் இருந்துவிட்டால் செத்தும் போகும்.

கொசு விரட்டி எண்ணெயைப் போல இது வாசத்தால் விரட்டுவதில்லை. உண்ணியின் கால் துணியில் பட்டால்தான் வேலை செய்யும். இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகவே விளங்கும். சட்டைக்கு மருந்தேற்றிவிட்டு வெறுங்காலோடு அனுப்பினால் காலில் ஏறும் உண்ணிக்கு ஒரு தடையும் இல்லை.

உண்ணி பறப்பதில்லை, தாவுவதில்லை, மரக்கிளையிலிருந்து நம் தலையில் குதிப்பதுமில்லை. முழங்காலுக்குக் கீழே, புல் நுனியிலும் சருகின் விளிம்பிலும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. நம் மூச்சுக் காற்றையும் உடல் சூட்டையும் அந்த முன்னங்கால்களால்தான் உணர்கிறது. உரசிய துணியைப் பற்றிக்கொண்டு மேலே மேலே ஏறும். கழுத்தில் கண்டெடுத்த உண்ணி பெரும்பாலும் கணுக்காலில் ஏறியதுதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோய்க்கிருமி இல்லாத இளம் உண்ணிகளைத் தன்னார்வலர்களின் ஆடைமேல் விட்டுப் பார்த்தார்கள். பெர்மெத்ரின் ஏற்றிய காலணியும் காலுறையும் அணிந்தவர்களுக்கு, சாதாரணக் காலணி அணிந்தவர்களைவிடக் கடிபடும் வாய்ப்பு 73 மடங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. உங்கள் பணம் அளவானது என்றால், முழு உடுப்புக்கும் ஆசைப்பட்டு பாதிப் பேருக்குக் கொடுப்பதைவிட எல்லோருக்கும் காலுறையும் காலணியும் கொடுங்கள்.

முழு உடுப்பின் பலனையும் அங்கே தொழிலாளர்களிடமே அளந்திருக்கிறார்கள். வடக்கு கரோலினாவில் காடு, பூங்கா, வனவிலங்குத் துறை ஊழியர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் சீருடையைத் தொழிற்சாலையிலேயே மருந்தேற்றித் தந்தார்கள்; யாருடையது மருந்துடுப்பு என்று அணிந்தவர்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டில் வேலை நேரக் கடி 82 சதவீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் அது 34 சதவீதமாகச் சரிந்தது. அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குத் தள்ளாடும் எண். ரோட் ஐலண்டிலும் தெற்கு மாசசூசெட்ஸிலும் பின்னர் நடந்த இன்னொரு ஆய்வில் முதல் ஆண்டு 65 சதவீதம், இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் 50 சதவீதம். அந்த ஊர் உண்ணிகள் வேறு இனம், அவர்களின் புல்வெளிகளும் வேறு. ஆகவே அந்த எண்ணிக்கை அப்படியே இங்கே வரும் என்று தொழிலாளிகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் இரண்டு ஆய்விலும் ஒன்றுபோலத் தெரிவது, முதல் ஆண்டின் காப்பு பெரியது, பிறகு தேய்கிறது என்பது. உடுப்பை ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் புதிதாகக் கொடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

யாருக்கு எந்த உடுப்பு

அந்த ஆய்வுகளில் எல்லோரும் பேன்ட், சட்டை, பூட்ஸ் அணிந்தவர்கள். நம் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு அது பொருந்தும். பேன்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருக வேண்டும், சட்டையைப் பேன்ட்டுக்குள் செருக வேண்டும். செருகாத உடுப்பில் மருந்து இருந்தும் உண்ணி உள்பக்கமாகத் தோலுக்குப் போய்விடும்.

சேலை கட்டி வேலை செய்யும் பெண்களுக்கு என்ன செய்வது என்பதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்வதில்லை. முந்திரித் தோப்பிலும் சருகு கூட்டும் வேலையிலும் அவர்கள்தான் தரையோடு அதிகம் உரசுகிறார்கள். அவர்களைப் பேன்ட் போடச் சொல்லி வற்புறுத்தி, அதனால் உடுப்பே வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எஸ்டேட்டுகளில் அட்டைக்காக அணியும், முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறை இருக்கிறதே, அது மிகப் பொருத்தமானது. அதற்கு மருந்தேற்றி, மேல்முனையை நாடாவால் கட்டி, கேன்வாஸ் காலணியோடு கொடுங்கள். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டைக்கும் மருந்தேற்றலாம். இடுப்பில் கட்டும் படங்கு துணியாக இருந்தால் அதற்கும் ஏற்றலாம். பிளாஸ்டிக் படங்கில் மருந்து நிற்காது. லுங்கி கட்டுகிற ஆண்களுக்கும் இதே ஏற்பாடுதான். எந்த அளவில், எந்தத் துணியில் வேண்டும் என்று வாங்குமுன் அவர்களையே கேளுங்கள். ஜனவரி வெயிலில் புதருக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்குத் தடித்த பாலியெஸ்டர் தண்டனை. "இதப் போட்டா வேல ஓடாதுங்க" என்று ஒருவர் சொன்னால் அது பிடிவாதம் அல்ல. மெல்லிய பருத்தியைத் தேடித் தருவது உங்கள் வேலை.

மருந்தேற்றுவது

தொழிற்சாலையில் ஏற்றுவதே சிறந்தது. அங்கே மருந்தை இழையோடு பிணைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அத்தகைய துணிகள் எழுபது சலவை வரை தாங்கும் என்று பதிவு பெற்றிருக்கின்றன. நாமே ஸ்பிரே அடிப்பது ஐந்தாறு சலவைக்குத்தான் வரும். சீருடைக்கு டெண்டர் விடும் துறையோ பெரிய எஸ்டேட்டோ மருந்தேற்றிய துணி வேண்டும் என்று நிபந்தனையிலேயே எழுதலாம்.

ஸ்பிரேதான் கிடைக்கிறது என்றால், துணிக்குப் பயன்படுத்த என்று லேபிளில் தெளிவாக எழுதிய, 0.5 சதவீத பெர்மெத்ரின் கரைசலை மட்டும் வாங்குங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தில் துணியை நனைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. கடையில் கிடைக்கும் சைபர்மெத்ரின் 25 சதவீதச் செறிவுள்ளது, அதாவது ஐம்பது மடங்கு. அது வேறு சேர்மம், தோலில் பட்டால் முகமும் கையும் தீயாய் எரியும், கூடவே கலந்திருக்கும் கரைப்பான் வேறு தோல் வழியே உள்ளே போகும். தண்ணீரில் கலந்து நீர்த்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. மாட்டுக்குப் பூசும் உண்ணி மருந்துக்கும் இதுவே பதில்.

அடிப்பதற்குத் திறந்த வெளியில், காற்று அதிகம் இல்லாத காலை நேரம் நல்லது. துணியைக் கொடியில் தொங்கவிடுங்கள்; யாரும் அணிந்திருக்கும்போது அடிக்கக்கூடாது. அடிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். அரை முழத் தூரத்திலிருந்து, துணி சொட்டாமல் ஈரமாகும் அளவு, இரு பக்கமும் அடியுங்கள். காலுறை, பேன்ட்டின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி, சட்டையின் மணிக்கட்டு, காலர் ஆகிய இடங்களில் கவனமாக இருங்கள். உள்ளாடைக்கு வேண்டாம். நன்றாகக் காய நான்கு மணி நேரமாவது விடுங்கள். மலைப்பகுதியின் ஈரக்காற்றில் ஒரு பகல் முழுக்க விடுவது இன்னும் நல்லது. காய்ந்த பிறகே யாரும் அணியலாம்.

ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மற்ற விலங்குகளின் ஈரல் விரைவாக உடைத்துவிடும் இந்தப் பொருளைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. காவல் முகாமில் எலிக்காக வளர்க்கும் பூனை இருந்தால் துணி காயும்வரை அதைத் தள்ளி வையுங்கள். மனிதரைப் பொறுத்தவரை, காய்ந்த துணியிலிருந்து தோல் வழியே உள்ளே போவது மிகச் சொற்பம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்துணிகளை ஆராய்ந்துதான் அனுமதித்தது. சிலருக்கு அரிப்பு வரலாம். வந்தால் மாற்றுத் துணி கொடுங்கள், வாதாடாதீர்கள். கருவுற்ற பெண்களுக்கு அமெரிக்க ராணுவம் மருந்தில்லாத சீருடையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை தருகிறது. நாம் அதோடு நிறுத்தாமல், அந்த மாதங்களில் அவர்களுக்குச் சருகு இல்லாத இடத்து வேலையும் தர வேண்டும்.

சலவை

எல்லா ஏற்பாடும் கெடும் இடம் இதுதான். துணி வீட்டுக்குப் போகிறது. தினமும் சோப்புப் போட்டு, துவைகல்லில் அடித்து, வெயிலில் காயப் போடுகிறார்கள். அடியும் வெயிலும் மருந்தைத் தின்னும். ஒரு மாதத்தில் அது வெறும் துணி. அணிந்தவரோ இன்னும் காப்பு இருப்பதாக நம்பிக் காட்டுக்குள் உட்காருகிறார். மருந்தே இல்லாததைவிட இந்த நிலை மோசம்.

இன்னொரு காரணமும் உண்டு. பெர்மெத்ரின் மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. வேட்டைத் தடுப்பு முகாம்கள் பெரும்பாலும் ஓடைக்கரையில்தான் இருக்கின்றன. காட்டைக் காக்கப் போனவர்களின் துணியால் ஓடையில் மீன் மிதந்தால் அதைவிடக் கொடுமை இல்லை.

ஆகவே உடுப்பு வேலையிடத்திலேயே தங்கட்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி. காலையில் அங்கே வந்து மாற்றிக்கொண்டு, மாலையில் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். உண்ணி வீட்டுக்குப் போகாமலும் இதனால் தடுக்கலாம். வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். ஓடையிலோ கிணற்றடியிலோ துவைக்காமல், வாளியில் குளிர்ந்த தண்ணீரில், சாதாரணச் சோப்புத்தூளில் ஊறவைத்துக் கையால் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். பிளீச்சிங் கூடாது. மற்றத் துணிகளோடு, குறிப்பாகக் குழந்தைத் துணிகளோடு, சேர்க்கக்கூடாது. அலசிய தண்ணீரை ஓடையிலிருந்து தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள். இதைச் செய்ய ஒருவருக்குக் கூலி கொடுங்கள். வாரத்துக்கு ஒருவரின் அரைநாள் கூலி அதிகச் செலவு என்று சொல்கிறவர்கள், ஒரு தொழிலாளி இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தால் என்ன ஆகும் என்று அவர் வீட்டாரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு உடுப்பின் உட்பக்கத்திலும் அழியாத மையால் எண் போட்டு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு கோடு போடுங்கள். ஸ்பிரே அடித்தது என்றால் ஐந்தாவது கோட்டில் மறுபடி அடியுங்கள்.

கடிக் கணக்கு

மஸ்டர் ரோலோடு இன்னொரு பதிவேடும் வையுங்கள். தேதி, எந்த இடத்தில் வேலை, எத்தனை உண்ணி உடம்பில் ஒட்டியிருந்தது, எங்கே ஒட்டியது, உடுப்பு எண். வடக்கு கரோலினா ஆய்வே தொழிலாளிகள் வாராவாரம் எழுதித் தந்த கணக்கை வைத்துத்தான் நடந்தது. கடி திடீரென்று கூடினால் மூன்று காரணங்களைத் தேடுங்கள்: மருந்து போய்விட்டது, செருகாமல் அணிகிறார்கள், அல்லது உண்ணிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. மூன்றாவது கற்பனை அல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் மாட்டு உண்ணிகள் இந்த வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை என்பதைக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் விஷயத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்தின் அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள்.

துணி மறைக்காத கை, கழுத்துக்கு விரட்டி எண்ணெய் வேண்டும். கர்நாடகத்தில் சுகாதாரத் துறை காடு செல்வோருக்கு டீபா எண்ணெயைக் கொடுத்து வருகிறது. அல்லது டீட் கலந்த களிம்பு. மாலையில் கழுத்து, காது மடலின் பின்புறம், அக்குள், இடுப்புக் கச்சை இருந்த இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க ஒரு கண்ணாடியும் மறைவிடமும் தாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பீடி நெருப்பு எதுவும் வேண்டாம். விரலால் நசுக்கவும் கூடாது. கடித்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

கடிபட்டு மூன்று முதல் எட்டு நாளில், சில சமயம் அதற்குப் பிறகும், திடீர்க் காய்ச்சல், முன்தலை வலி, உடம்பு முறிக்கும் வலி வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் காட்டு வேலை என்று சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் அதை ஒரு சீட்டில் எழுதியே அனுப்பலாம். இந்தக் காய்ச்சலில் இரத்தக் கசிவு வரக்கூடும் என்பதால், கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் ஆகாது. தேவைப்பட்டால் பாராசிட்டமால் மட்டும். செத்த குரங்கைக் கண்டால் யாரும் தொடக்கூடாது, எரிக்கவோ புதைக்கவோ கூடாது. அது இறந்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவும். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்களை விலக்கி, வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து மருந்தடித்து முடிக்கும்வரை, எவ்வளவு நல்ல உடுப்பு இருந்தாலும், அந்தப் பக்கம் வேலை நடக்கக்கூடாது. ஆட்களுக்கு அன்றைய கூலியைப் பிடிக்காமல் வேறு பகுதிக்கு மாற்றுங்கள்.